இருக்கவும் வேண்டும், கரையவும் வேண்டும்

இந்த முறை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு, அதற்காகக் கர்ப்பப்பையில் போடுகிற தையல். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டேன். ஊர் மட்டும் இருக்கிறது.

மாமியார் ஒருவர், கூடலூர்: மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததும் ரத்தம் நிற்கவில்லை என்று கர்ப்பப்பையிலேயே தையல் போட்டுவிட்டார்கள். பை கிழிந்துவிட்டதா?

கிழியவில்லை அம்மா, சோர்ந்துவிட்டது. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்த பிறகு, நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடும். அந்த வாய்களை அடைக்க வேண்டியது பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்களுக்கு நடுவே புகுந்துதான் அந்தக் குழாய்கள் வருகின்றன. தசை இறுகினால் குழாய் நெரிபட்டு அடங்கும். இறுகாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். பிரசவத்துக்குப் பின் அளவுக்கு மீறி ரத்தம் போகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் காரணம் இந்தச் சோர்வுதான். ஊசி, மருந்து எதற்கும் இறுகாத பையை நூல் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். உயிரையும் காப்பாற்றி, பையையும் காப்பாற்றியிருக்கிறார்கள். டாக்டரிடம் சண்டை போட்டிருந்தால், போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

நர்சிங் மாணவி, தேனி: பி-லிஞ்ச் தையல் என்கிறார்களே, பி-லிஞ்ச் யார்?

கிறிஸ்டோபர் பி-லிஞ்ச். சியரா லியோனில் பிறந்து, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த மகப்பேறு மருத்துவர். அந்தக் காலத்தில் ரத்தம் எதற்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் கடைசி வழி. 1989-ல் அவருடைய நோயாளி ஒருவர் அதற்குச் சம்மதிக்க மறுத்துவிட்டார். பையை எடுக்கவும் கூடாது, உயிரும் போகக் கூடாது. அந்த நெருக்கடியில் பிறந்தது இந்தத் தையல். 1997-ல் ஐந்து பெண்களின் விவரத்தோடு அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிடிவாதக்கார நோயாளிகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் எனக்குப் பிடித்தது நூல் கோப்பதற்கு முன்னால் வருகிற கட்டம். வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையை வெளியே தூக்கி, டாக்டர் இரண்டு கையாலும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து அழுத்துவார். கால்மாட்டில் ஒருவர் குனிந்து, கீழே ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "நின்னுருச்சு மேடம்" என்று அங்கிருந்து குரல் வந்தால்தான் ஊசியைக் கையில் வாங்குவார்கள். கை அழுத்தி நிற்காத ரத்தம் நூல் இறுக்கி நிற்காது. அதன் பிறகு முன்பக்கம் கீழே குத்தி, உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் இறக்கி, பின்சுவரில் குறுக்கே ஒரு குத்து குத்தி, மறுபடி உச்சி வழியாக முன்னால் கொண்டுவருவார்கள். உதவி டாக்டர் பையை அழுத்திப் பிடித்திருக்கும்போதே முடிச்சு விழ வேண்டும். பிடி தளர்ந்த பிறகு போட்ட முடிச்சால் பயனில்லை.

நெசவாளர், சக்கம்பட்டி: நைலான் நூல் போட்டால் ஆயுசுக்கும் அறுந்துபோகாது. கரைகிற நூலை ஏன் தேடுகிறீர்கள்?

நூலைப் பற்றி நூல்காரர் கேட்கிறீர்கள், விவரமாகவே சொல்கிறேன் அண்ணே. சேலைக்கு அது பெருமை. கர்ப்பப்பைக்கு அதுதான் வம்பு.

பிரசவமான அன்று பை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். தொப்புள் மட்டத்தில் கை வைத்தால் உருண்டையாகத் தட்டுப்படும். நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். பை சுருங்குகிறது, நூல் சுருங்குவதில்லை. முதல் நாள் இறுக்கமாக இருந்த நூல் பத்தாம் நாள் உச்சியில் வளையமாகத் தொங்கும். அந்த வளையத்துக்குள் குடல் நுழைந்து மாட்டிக்கொண்டால் அடைப்பு. ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகும். தையலுக்கு உண்மையான வேலை முதல் ஒன்றிரண்டு நாள்தான். கான்கிரீட் இறுகிய பிறகும் சென்ட்ரிங் பலகையை அப்படியே விட்டுவைத்து யாராவது குடிபோவார்களா?

பி-லிஞ்ச் முதலில் போட்டது இரண்டாம் நம்பர் குரோமிக் கேட்கட், ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுத்த நூல். மாடுகளுக்கு மூளை நோய் பரவிய பயத்தில் 2001 வாக்கில் ஐரோப்பாவில் அதை விலக்கிவிட்டார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு நூல். விக்ரில் பின்னல் நூல். மூன்றாவது வாரத்திலும் பாதி பலம் மிச்சமிருக்கும். பிடிஎஸ் ஆறு வாரம் ஆனாலும் முழுக்க விட்டுக்கொடுக்காது, கரைந்து முடிய ஆறு மாதமாவது ஆகும். ப்ரோலீன் கரைவதே இல்லை. அதையும் போட்டவர்கள் உண்டு. கடைசியில் பி-லிஞ்சே பரிந்துரைத்தது மோனோக்ரில். அது ஒற்றை இழை, வழவழவென்று போகும், சதையை ரம்பம் மாதிரி அறுக்காது. முதல் வாரக் கடைசியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பலம், மூன்று வாரத்தில் பலம் அவ்வளவும் காலி, மூன்று நான்கு மாதத்தில் நூலே இருக்காது. பை சுருங்குகிற வேகத்துக்கு இதுதான் ஓரளவு ஒத்துப்போகிறது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியில் மோனோக்ரில் இல்லை, விக்ரில்தான் இருக்கிறது என்றால், விக்ரிலைப் போடுவதுதான் சரி. நல்ல நூல் வரட்டும் என்று காத்திருப்பதைவிடக் கெட்ட வைத்தியம் கிடையாது.

பயிற்சி மருத்துவர், க.விலக்கு: ஒன்றாம் நம்பரையும் 1-0-வையும் தேர்வில் மாற்றி எழுதிவிட்டேன். தலை போகிற தப்பா?

தலை போகாது, மார்க் போகும். தியேட்டரில் மாற்றி எடுத்தால்தான் கதை வேறு. நம்பர் ஏற ஏற நூல் தடிமன். பக்கத்தில் கோடு போட்டுப் பூஜ்யம் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ்: 1-0 என்பது ஒன்றைவிட மெலிசு, 2-0 அதைவிட மெலிசு. வீங்கி ஊறிப்போயிருக்கிற கர்ப்பப்பையில் மெல்லிய நூலை இழுத்துக் கட்டினால் அது சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். ஏற்கெனவே போகிற ரத்தம் போதாதென்று புதிதாக ஒரு வழி திறக்கும். நூல் பாக்கெட்டைக் கிழிக்கும் முன் அதன் முகத்தைப் பாருங்கள். நம்பர் பெரிதாக அச்சிட்டிருக்கும், பக்கத்தில் ஊசியின் படம் அசல் அளவிலேயே இருக்கும். இந்தத் தையலுக்கு ஏற்றது 70 மில்லிமீட்டர் போல நீளமான, உருண்டை முனை ஊசி. தோல் தைக்கிற வெட்டு ஊசியை எடுத்து நீட்டினால் மேடம் சொல்லப்போவதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

தையல்காரர், சின்னமனூர்: தையல் பிரிக்க எத்தனையாவது நாள் வரச் சொல்வீர்கள்?

வரவே வேண்டாம். இது பிரித்துத் தைக்கிற கேஸ் இல்லை.

திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி: இந்தத் தையலுக்கு எத்தனை சதவீதம் கேரண்டி?

மழைக்கு நடுவே பன்னீர் திராட்சை பயிர் பண்ணுகிறவர் கேரண்டி கேட்கலாமா? 2007-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய 92 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்ததாகக் கணக்கு வந்தது. நன்றாக முடிந்த கேஸ்தான் கட்டுரையாக வரும் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தட்டிப்பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டனில் நாடு முழுவதும், முடிவு நல்லதோ கெட்டதோ எல்லாரையும் கணக்கில் எடுத்து, 211 பெண்களைப் பார்த்தார்கள். 2011-ல் வந்த அந்த முடிவில் நான்கில் ஒருவருக்குத் தையலுக்குப் பிறகும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்திருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை நம் பள்ளத்தாக்கில் சுவரில் எழுதி வைக்கலாம். பி-லிஞ்ச் முறையா, அதை மாற்றிச் செய்த முறையா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எப்போது போட்டார்கள் என்பதில்தான் தெரிந்தது. பிள்ளை பிறந்து இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் கழித்துத் தையல் போடப்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை பறிபோகும் வாய்ப்பு நான்கு மடங்கு. நூல் எது, யாருடைய முறை என்று நாங்கள் மாநாடு போட்டுச் சண்டை பிடிப்போம். அதில் பாதியாவது கடிகாரத்தைப் பற்றி இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 'சீமாங்' என்று பலகை மாட்டிய அரசு மருத்துவமனையில் ராப்பகலாகத் தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் இருக்க வேண்டும் என்று 2004-லிருந்து தமிழ்நாடு ஏன் மெனக்கெடுகிறது என்பதற்கு இந்த ஒரு எண்ணே பதில்.

ஆட்டோ ஓட்டுநர், போடி: எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து?

சுகப்பிரசவத்தில் 500 மில்லி தாண்டினால் என்பது பழைய கோடு. 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் உஷாராகச் சொல்கிறது: 300 மில்லி போயிருந்து, கூடவே நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ தடுமாறினால், அப்போதே வேலையில் இறங்கு.

அளப்பதில்தான் சிக்கல். "ரெண்டு துணி நனைஞ்சிருக்கு" என்பது அளவு இல்லை. தரையில், துணியில், வாளியில் போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் அனுபவசாலியும் குறைத்துத்தான் சொல்வார். இதற்கு ஒரு எளிய பை இருக்கிறது. இடுப்புக்கடியில் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, அதன் அடியில் புனலாக இறங்கும் பை, பையில் மில்லி கோடுகள். பெட்ரோல் பங்கில் நீங்கள் மீட்டரைப் பார்க்கிற மாதிரியே நர்ஸ் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். இந்த வகைப் பையைக் கொண்டு இந்தியாவில் முதலில் பெரிய அளவில் வேலை நடந்தது பெலகாவியில். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இந்தப் பையோடு தாமதமில்லாத சிகிச்சைகளையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்திருந்தன. புது மருந்து ஒன்றுகூட இல்லை.

அப்பத்தா, வீரபாண்டி: நாங்க பிள்ளை பெத்தவளுக்கு வயித்தைச் சுத்தித் துணி கட்டுவோம். அதைத்தானே நீங்க நூலுல கட்டுறீங்க?

துணி வயிற்றைக் கட்டும் அப்பத்தா, கர்ப்பப்பையைக் கட்டாது. முதல் நாளிலேயே கட்டிவிட்டால் நர்ஸ் தொட்டுப் பார்க்க வேண்டிய இடமும் மூடிப்போகும். பை கல் மாதிரி இருக்கிறதா, தொளதொளவென்று மேலே ஏறுகிறதா என்பது கைக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் காலத்து மருத்துவச்சி பிரசவம் ஆனதும் அடிவயிற்றைப் பிடித்துத் தேய்ப்பாரே, அது இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிற வைத்தியம்.

ஏலத்தோட்டத் தொழிலாளி, கோம்பை: ஏழு மாசம். ரத்தம் 8 கிராம்தான் இருக்காம். ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கும் இந்தத் தையல் வருமா?

வராமலிருக்கத்தான் இப்போதே பேசுகிறோம் தாயி. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பது 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது. 12 கிராம் இருப்பவர் ஒரு லிட்டர் இழந்தாலும் எழுந்து உட்காருவார். 8 கிராம்காரருக்கு அதில் பாதியே மூச்சு வாங்க வைக்கும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அது கைவசமிருக்கிற சொத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசி கேளுங்கள். மாத்திரை என்றால் டீயோடு விழுங்காதீர்கள், ஏலக்காய் டீயாக இருந்தாலும். டீ இரும்பைச் சேரவிடாது. கம்பமெட்டு ஜீப்பில் பத்துப் பதினைந்து பேரோடு நெருக்கி உட்காருவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

எஸ்டேட் கணக்கர், மேகமலை: இங்கிருந்து சின்னமனூர் இறங்க 18 கொண்டை ஊசி வளைவு. வழியிலேயே ரத்தம் போனால்?

முதல் பதில்: வலி வந்த பிறகு இறங்காதீர்கள். நாள் நெருங்கும்போதே கீழே உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கிவிட வேண்டும். வளைவுகளுக்குப் பூக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொன்றிலும் வண்டி வேகம் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

வழியில் நடந்தே விட்டால், 108-ல் செய்யக்கூடியவை உண்டு. அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே வருவது, சிறுநீரை வெளியேற்றுவது, ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி. இந்த மருந்தை 21 நாடுகளில் 20,060 பெண்களுக்குப் பரிசோதித்த முடிவு 2017-ல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது, தாண்டினால் பலனில்லை. இன்னொன்று அழுத்த உடை. கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாக ஒட்டி இறுக்குவது. காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் தள்ளி நேரம் வாங்கித் தரும். "பாவம், இறுக்கமா இருக்கே" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர் யாரும் அவிழ்த்துவிடாதீர்கள். ரத்தம் நின்று, நாடி நிலைப்பட்ட பிறகு, கணுக்காலில் தொடங்கிப் பட்டை பட்டையாக, இடைவெளி விட்டுத்தான் எடுப்பார்கள். மொத்தமாகக் கழற்றினால் அந்த நிமிடமே ரத்த அழுத்தம் சரியும்.

சம்பந்தி வீடு குமுளியில் உள்ளவர், உத்தமபாளையம்: கேரளாவில் தையலே இல்லாமல் நிறுத்துகிறார்கள் என்று சம்பந்தி பெருமை அடிக்கிறார்.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. திருச்சூரின் டாக்டர் வி.பி. பெய்லி, வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையின் ரத்தக்குழாயைப் பிடித்து நெரிக்கும் ஒரு கவ்வியை உருவாக்கினார். டாக்டர் பணிக்கர் செய்தது உறிஞ்சுகுழல். பைக்குள் விட்டு உறிஞ்சினால் சுவர்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், ரத்தமும் அடங்கும். டாக்கா டாக்டர் சயீபா அக்தர் அதற்கு முன்பே ஒரு காண்டத்தை ரப்பர் குழாயில் கட்டி, உப்புநீர் நிரப்பிப் பைக்குள் பலூனாக ஊதி நிறுத்திக் காட்டினார். 2003-ல் அது கட்டுரையாக வந்தது. இவை பலிக்காத இடத்தில்தான் வயிற்றைத் திறப்பதும் நூலும்.

சம்பந்தியிடம் நீங்கள் தோற்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018-20-ல் லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் சாவு கேரளாவில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. கேரள மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2004-லிருந்து ஒவ்வொரு சாவையும் பெயர் மறைத்து, பழி போடாமல், எங்கே தவறியது என்று கூடிப் பேசுகிறது. கவ்வியைவிட எனக்குப் பொறாமை அதில்தான்.

இளம் தாய், கம்பம்: எனக்குப் பி-லிஞ்ச் தையல் போட்டு ஒரு வருடம் ஆகிறது. அடுத்த குழந்தை பெறலாமா?

பெறலாம். பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் பழையபடி திரும்புகிறது, கருவும் தங்குகிறது. ஆனால் நடந்திருக்கும் சிக்கல்கள் மறைக்கிற விஷயமில்லை. மிகவும் இறுக்கியதில் ரத்தம் ஓடாமல் பையின் ஒரு பகுதி அழுகியது, நூல் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே வந்தது, உள்ளே சீழ் கட்டியது, முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டது என எல்லாம் பதிவாகியிருக்கின்றன. கடைசி இரண்டும் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துச் சதுரமாகத் தைக்கும் முறையில் அதிகம் பேசப்படுகின்றன. 2000-ல் கொரியாவில் சோ என்பவர் சொன்ன முறை அது. ரத்தத்தை நன்றாகத்தான் நிறுத்தும், ஆனால் உள்ளே தேங்குவது வடிய வழி விடாது. 2002-ல் வந்த ஹேமன் முறையில் பையை வெட்டித் திறக்கவே வேண்டியதில்லை, சீக்கிரம் முடியும். உள்ளே நஞ்சுத் துண்டு மிச்சமிருந்தால் கண்ணில் படாமல் போவது அதன் குறை. அடுத்த கர்ப்பத்தில் தையல் போட்ட இடத்தில் பை கிழிந்ததும் அபூர்வமாக உண்டு.

உங்களுக்கு மாதவிடாய் வராமல் மாதா மாதம் வலி மட்டும் வந்தாலோ, ரத்தம் முன்பைவிட ரொம்பக் குறைந்திருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமீபத்தில் தையல் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, வயிறு உப்பி வாந்தி. கடைசியாகச் சொன்னதை 'வாயு' என்று சோடா குடித்துத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அட்டை வீட்டில் இருக்கிறதா? ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். எந்தத் தையல், எந்த நூல் என்று அதில் எழுதியிருந்தால் அடுத்த டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். எழுதாவிட்டால் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள், உரிமைதான்.

கணவர், ஓடைப்பட்டி: பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. ரத்தம் கொடுக்கத் தயாராக இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். செல்போனில் சார்ஜ் இருக்கட்டும். நஞ்சு விழுந்து இரண்டு மணி நேரம் வரை, "அவளுக்கு எப்படி இருக்கிறது" என்று அரை மணிக்கொரு தரம் கேளுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். தியேட்டருக்குக் கொண்டுபோகிறோம் என்றால் "பெரியப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் நினைவோடு இருந்தால் சம்மதம் அவளுடையது. அவளால் பேச முடியாத நிலையில் உங்களைத் தேடினால், டீக்கடையில் இருக்காதீர்கள்.